செய்நிரலை அச்சிலேற்றல்: லிஸ்டிங்ஸும் மின்டெட்டும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக அச்செடுத்துக் கட்டித் தரும் கடைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பருவம் வரும். கணினி படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்ட அறிக்கையோடு வரிசையில் நிற்கும் பருவம் அது. இராமகிருஷ்ண வீதியில் 1990இல் தொடங்கிய இன்ஃபோமட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. றீட் அவனியுவில் 2002 முதல் இயங்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் எட்டிய தூரத்தில்தான். கறுப்பு அட்டையில் பொன் எழுத்துப் பொறித்துக் கட்டிய அந்த அறிக்கைகளை விரித்துப் பார்த்தால் முன்பக்கங்கள் ஒழுங்காகவே இருக்கும். பின்னிணைப்பில் செய்நிரல் தொடங்கும் இடத்தில்தான் கண் நோகும். திரையைப் படமெடுத்து ஒட்டிய மங்கலான பக்கங்கள், ஓரத்தில் வெட்டுப்பட்ட வரிகள், எது கட்டளை எது குறிப்பு என்று தெரியாத சாம்பல் நிற எழுத்துக்கூட்டம்.

என் கவலை அழகோடு நிற்பதில்லை. செய்நிரலுக்குள் தமிழ் இருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் பிள்ளைகள் அதை அழித்துவிடுகிறார்கள். குறிப்புரை தமிழில் இருந்தால் ஆங்கிலமாக்குகிறார்கள். மேற்கோளுக்குள் இருக்கும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். கேட்டால், “பிடிஎஃப்பில் உடையுது” என்பதுதான் பதில். உடைவது உண்மை. ஏன் உடைகிறது, எந்தக் கருவியில் உடையாது என்பதை, லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் ஆவணங்களில் செய்நிரலை நிறம் பிரித்துக் காட்டும் இரண்டு பொதிகளை அருகருகே வைத்துப் பார்த்துச் சொல்வதே இக்கட்டுரை. ஒன்று லிஸ்டிங்ஸ், மற்றது மின்டெட்.

செய்நிரலில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்குப் பைதன் பாடம் தமிழில்தான் விளக்கப்படுகிறது. டியூட் எனப்படும் வகுப்புக் குறிப்புத்தாளில் ஆசிரியர் எழுதும் குறிப்புரை தமிழில் இருப்பது இயல்பு. பல்கலைக்கழகத்தில் போதனா மொழி ஆங்கிலம் என்றாலும், தமிழ்மொழியையே ஆய்வுப்பொருளாக எடுப்பவரின் நிரலில் தமிழ் தரவாக வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க. சர்வேஸ்வரன் உருவாக்கிய தமிழிமோர்ஃப் என்ற உருபனியல் பகுப்பியையோ, முத்து அண்ணாமலை தொடக்கிவைத்த ஓப்பன்-தமிழ் என்ற பைதன் நூலகத்தையோ தமிழ் எழுத்தில்லாமல் ஒரு பக்கம்கூட விளக்க முடியாது. இலங்கையில் மும்மொழிப் படிவமோ குறுஞ்செய்தியோ தயாரிக்கும் எந்த மென்பொருளிலும் தமிழ்ச் சரங்கள், அதாவது மேற்கோளுக்குள் வரும் உரைத்துண்டுகள், இருக்கின்றன.

வேர்டில் ஒட்டினால் என்ன என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். நம் ஊர்த் தட்டச்சுக் கடைகளில் பாமினி எழுத்துருவின் ஆட்சி இன்னும் ஓயவில்லை. பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. பாமினியில் அமைந்த பத்தியின் நடுவே செய்நிரலை ஒட்டி, எழுத்துருவை மாற்ற மறந்தால், பைதனின் ‘ஃபோர்’ என்ற மூன்றெழுத்துக் கட்டளை ‘கழச’ என்று நிற்கும். ‘டெஃப்’ என்பது ‘னநக’ ஆகும். சீ, ஜாவா நிரல்களில் இது இன்னும் மோசம். அந்த மொழிகளில் வரியை முடிக்கும் அரைப்புள்ளி இருக்கும் விசையில்தான் பாமினி மெய்யெழுத்தின் புள்ளியை வைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உரியவர் இல்லாத ஒரு புள்ளி தொங்கும். திரையைப் படமெடுத்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் படத்தில் தேட முடியாது, பிரதி எடுக்க முடியாது, நிரலில் ஒரு வரி திருத்தினால் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். ஆவணம் நிரலின் மூலக் கோப்பையே நேரே வாசித்து அச்சுக் கோக்கும் வழிதான் சரி. லிஸ்டிங்ஸ், மின்டெட் இரண்டும் அதைச் செய்கின்றன. கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். நிரலில் நேற்றுச் செய்த திருத்தம் இன்றைய பிடிஎஃப்பில் தானாக வந்துவிடும்.

செய்நிரலின் சொற்களை வேறுபடுத்தி அச்சிடும் வழக்கம் நிறத்திரைக்கு முந்தியது. அல்கோல் 60 மொழி அச்சில் வெளிவந்தபோதே கட்டளைச் சொற்கள் தடித்த எழுத்தில் வந்தன. லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டொனால்ட் நூத், அதன் முழு மூலநிரலையும் 1986இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அதில் கட்டளைச் சொற்கள் தடிப்பிலும் மாறிகளின் பெயர்கள் சாய்விலும் இருக்கின்றன. நிறம் ஒன்றுமில்லை, ஆனாலும் வாசிக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் தாள்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியில்தான் முடிகின்றன.

இரண்டின் பிறப்பும் வேலைமுறையும்

லிஸ்டிங்ஸ் 1996இல் கார்ஸ்டன் ஹைன்ஸ் தொடங்கிய பொதி. அதன் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன: எல்லா வேலையையும் டெக்குக்குள்ளேயே செய்கிறது. வெளியிலிருந்து எந்த உதவியும் கேட்பதில்லை. நிரலை எழுத்தெழுத்தாக வாசிக்கிறது. எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிறது. அந்தச் சொல் தன்னிடமுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கட்டளைச் சொல்லுக்குரிய தோற்றம். குறிப்புரைக்கு ஒன்று, மேற்கோளுக்குள் வரும் சரத்துக்கு ஒன்று. மொழியின் இலக்கணம் அதற்குத் தெரியாது, சொற்பட்டியல்தான் தெரியும்.

பட்டியல் பழசானால் தோற்றமும் பழசாகும். பைதனில் ‘பிரின்ட்’ என்பது 2008இல் வந்த மூன்றாம் பதிப்போடு சாதாரணச் சார்பாகிவிட்டது. லிஸ்டிங்ஸின் பைதன் பட்டியலோ அதைக் கட்டளைச் சொல்லாகவே வைத்திருந்தது. பாஸ்கல், சீ, ஜாவா, எஸ்க்யூஎல் எல்லாம் அதில் உண்டு. ஆகவே சாதாரண தரப் பாடத்தில் பாஸ்கல் எழுதிப் பழகிய தலைமுறைக்கு அது குறை வைக்கவில்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை. இன்று இறுதியாண்டுத் திட்டங்களில் பல இணையச் செயலிகளாக இருக்கும்போது இது சிறிய குறையல்ல. ஜாவாஸ்கிரிப்டுக்கு நாமே சொற்பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். அரைமணி நேர வேலை.

மின்டெட்டைத் தொடங்கியவர் கொன்ராட் ருடோல்ஃப். 2013 முதல் அதை வளர்த்து வருபவர் ஜெஃப்ரி பூர். இது நிரலைத் தானே அலசுவதில்லை. கியோர்க் பிராண்டல் 2006இல் வெளியிட்ட பிக்மென்ட்ஸ் என்ற பைதன் நூலகத்திடம் அந்த வேலையை ஒப்படைக்கிறது. பிக்மென்ட்ஸ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளை அறியும். ஒவ்வொரு மொழிக்கும் அதனிடம் ஓர் அலசி உண்டு. சொல், சரம், எண், சார்பின் பெயர், குறிப்புரை என்று நிரலைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வகை குறித்து, லேடெக்குக்குப் புரியும் வடிவில் திருப்பித் தருகிறது. லேடெக் அதை வாங்கி அச்சுக் கோக்கிறது. பிரிப்பதை ஒருவரும் கோப்பதை இன்னொருவரும் செய்யும் இந்த ஏற்பாடுதான் தமிழைக் காப்பாற்றுகிறது.

‘கொழும்பு’ என்ற சொல்லை வைத்துச் சோதித்தால்

நான்கெழுத்துச் சொல். கொ, ழு, ம், பு. கணினிக்கு இது நான்கு அல்ல. பைதனிடம் நீளம் கேட்டால் எட்டு என்று சொல்லும்: ககரம், ஒகரக் குறி, ழகரம், உகரக் குறி, மகரம், புள்ளி, பகரம், உகரக் குறி. கோப்பில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு எடுத்து, மொத்தம் 24 பைட்டாகிறது. ஒரே சொல் வாசகருக்கு நான்கு, பைதனுக்கு எட்டு, கோப்புக்கு இருபத்துநான்கு. அச்சுக்கோக்கும் கருவி இவற்றில் எதை எழுத்தென்று எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லேடெக்கின் பழைய பொறியான பிடிஎஃப்லேடெக்கில் லிஸ்டிங்ஸ் ஓடும்போது இருபத்துநான்கையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். மூன்று பைட்டில் முதலாவதைப் பிரித்தெடுத்தவுடனேயே, யுடிஎஃப்-8 வரிசை சரியில்லை என்ற பிழை காட்டித் தொகுப்பு நின்றுவிடும். பெரும்பாலான பிள்ளைகள் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். தமிழைத் தூக்கிவிட்டால் பிழை போய்விடுகிறது, அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் மறுநாள், தமிழ் போகிறது.

ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு மாறுங்கள் என்பது சரியான அறிவுரை. ஸீலேடெக்கின் அடிப்படையான ஸீடெக்கை ஜொனதன் கியூ 2004இல் வெளியிட்டார். லுவாலேடெக், டெக் லைவ் என்ற மென்பொருள் தொகுப்பின் 2020 பதிப்பிலிருந்து, எழுத்துகளை இணைத்து உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற பொறியோடு வருகிறது. இரண்டுமே யூனிகோடு அறிந்தவை. ஒகரக் குறியை ககரத்தின் இருபுறமும் பிரித்துப் போடத் தெரிந்தவை. பத்தியில் எழுதும் தமிழ் இவற்றில் குறையின்றி வரும். அப்படியானால் லிஸ்டிங்ஸுக்குள்ளும் வர வேண்டுமே? வராது. லிஸ்டிங்ஸ் எழுத்துகளை அடையாளங்காணும் அட்டவணை 255ஆம் எண்ணோடு முடிகிறது. தமிழ் எழுத்துகளின் எண்களோ 2,900ஐத் தாண்டியவை. அட்டவணையில் இல்லாத எழுத்தை அது சேர்த்து வைக்காமல் அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. சேர்த்து வைத்த ஆங்கில எழுத்தும் குறிகளும் பின்தங்கி வருகின்றன. விளைவு, வரிசை குழம்பிய வரி: மேற்கோள்குறிக்கு முன்னால் பாய்ந்த சொல், காணாமற்போன இடைவெளி. பிழைச்செய்தி எதுவும் இருக்காது. பிழை காட்டி நிற்பதைவிட இது ஆபத்தானது. தொகுப்பு வெற்றி என்று திரை சொல்லும். தாளைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அட்டவணைக்குத் தமிழ் எழுத்துகளையும் சேர்க்கும் ஒட்டு வேலை ஒன்று உண்டு. ரஷ்ய மொழிக்காரர்களும் சீனர்களும் அப்படிச் செய்து சமாளிக்கிறார்கள். அவர்களுடைய எழுத்து ஒவ்வொன்றும் தனித்து நிற்கக் கூடியது. நமக்கு அங்கே அடுத்த தடை. நெட்டுவரிசைகள் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக லிஸ்டிங்ஸ், இயல்பு அமைப்பில், ஒவ்வொரு எழுத்துக்கும் சம அகலத்தில் இடம் ஒதுக்குகிறது. பழைய அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைத்தது போல. ககரம் ஓரறையில், ஒகரக் குறி அடுத்த அறையில். பிரிந்து நிற்கும் குறியைக் கண்ட எழுத்துரு, இதற்கு உரிய மெய் எங்கே என்று கேட்டுப் புள்ளிவட்டம் ஒன்றை வரைந்து அதன் இருபுறமும் கொம்பும் காலும் போடுகிறது. அகலத்தை இளக்கும் ‘ஃபுல்ஃபிளெக்சிபிள்’ தெரிவைக் கொடுத்தால் இந்தச் சிதைவு குறையும். ஆனால் இவ்வளவு ஒட்டுப்போட்ட லேடெக் தொடக்கப் பகுதியை ஒரு மாணவர் விளங்கிக்கொண்டு பயன்படுத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மின்டெட்டில் அதே சொல் என்னவாகிறது? பிக்மென்ட்ஸ் பைதனில் எழுதப்பட்டது; பைதன் 3இல் எல்லாச் சரமும் யூனிகோடு. மேற்கோளுக்குள் இருக்கும் ‘கொழும்பு’ அதன் கையில் உடையாத ஒரே துண்டு. குறிப்புரையும் வரி முடியும்வரை ஒரே துண்டு. அந்தத் துண்டை அப்படியே லேடெக்கிடம் கொடுக்கிறது. லேடெக் அதை ஒரே சொல்லாக ஹார்ஃப்பஸிடம் கொடுக்கிறது. நான்கெழுத்தும் நான்கெழுத்தாகவே தாளில் இறங்குகின்றன. ஒட்டு வேலை ஏதும் வேண்டாம். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தாலும் இதே நிலைதான். பைதன் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறியின் பெயர் தமிழில் இருக்கலாம். 2019க்குப் பின் வந்த பிக்மென்ட்ஸ், பைதன் என்று சொன்னாலே மூன்றாம் பதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்திய பதிப்பு கணினியில் கிடந்தால், தமிழ் மாறியைப் பிழையென்று கருதிச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். சிவப்புக் கட்டம் கண்டால் நிரலைத் திருத்த ஓடாமல் பிக்மென்ட்ஸைப் புதுப்பியுங்கள்.

லிஸ்டிங்ஸுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் ‘டெக்ஸ்சிஎல்’ தெரிவைத் திறந்தால் ஒற்றை வரிக் குறிப்புரையை மட்டும் அது அலசாமல் சாதாரண லேடெக் உரையாக எடுத்துக்கொள்ளும். அப்போது குறிப்புரையிலுள்ள தமிழ் ஒழுங்காக வரும். சரங்களுக்கு ‘எஸ்கேப்இன்சைட்’ என்ற தெரிவு: இரண்டு குறிகளுக்கு நடுவில் எழுதுவதை மட்டும் லேடெக் பார்த்துக்கொள்ளும். முதல் வழி நல்ல வழி. இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் குறிகளை நிரலின் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். எழுதினால் அந்தக் கோப்பு பைதனில் ஓடாது அல்லது தவறான சரத்தைத் தரும். அச்சுக்காக ஒரு பிரதி, ஓட்டத்துக்கு ஒரு பிரதி என்று இரண்டு கோப்பு வைத்திருப்பது, நாளடைவில் அறிக்கையில் இருப்பது ஒன்று, ஓடுவது வேறொன்று என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

எழுத்துரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே சிக்கல். செய்நிரலுக்குச் சம அகல எழுத்துரு வேண்டும். ஆங்கிலத்துக்கு டெஜாவு சான்ஸ் மோனோ போன்றவை இருக்கின்றன. அவற்றில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்து இயல்பிலேயே சம அகலத்துக்கு ஒவ்வாதது. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலத்தில் எப்படி அடங்கும்? ஆகவே ஆங்கிலத்துக்குச் சம அகல எழுத்துருவை வைத்து, அதில் இல்லாத எழுத்து வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழை எடு என்று சொல்லிவைக்க வேண்டும். லுவாலேடெக்கில் ‘ஃபால்பேக்’ என்ற ஏற்பாடு இதைச் செய்கிறது. இதன் விலை, தமிழ் வந்த வரியில் அதற்கு வலப்புறம் இருப்பவை மேல் வரியோடு நேர்கோட்டில் நிற்காது. கட்டளைக்குப் பக்கத்தில் தமிழ்க் குறிப்புரை எழுதாமல், அதற்கு மேல் தனி வரியில் எழுதினால் இந்தப் பிரச்சினையே எழாது. இன்னொன்று, நீண்ட வரியை எந்த எழுத்திலும் மடிக்க அனுமதிக்கும் ‘பிரேக்எனிவேர்’ தெரிவை மின்டெட்டில் தமிழ் உள்ள நிரலுக்குத் திறக்க வேண்டாம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மடிப்பிடம் வைப்பது என்றால் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவிலும் வைப்பதுதான். இடைவெளியில் மட்டும் மடிக்கும் ‘பிரேக்லைன்ஸ்’ போதும்.

கட்டளைச் சொற்களே தமிழாக இருக்கும் மொழி வந்தால் தராசு முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது. முத்து அண்ணாமலையின் ‘எழில்’ அப்படிப்பட்ட மொழி. ‘பதிப்பி’ என்றால் அச்சிடும், ‘பின்கொடு’ என்றால் விடையைத் திருப்பித் தரும். லிஸ்டிங்ஸ் புதிய மொழியை வரையறுக்க மிக எளிய வழி தருகிறது: சொற்பட்டியலைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் பட்டியலில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால், எழுத்தென்றே அறியாத ஒன்றை அது எப்படித் தேடும்? மின்டெட் வழியில் எழிலுக்கு ஓர் அலசியைப் பைதனில் எழுத வேண்டும். கொஞ்சம் நிரலாக்கம் தெரிய வேண்டும். ஆனால் எழுதினால் வேலை செய்யும்.

கணினி, மின்சாரம், தாள்

இதுவரை சொன்னதை வைத்து லிஸ்டிங்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எண்ணக் கூடாது. மின்டெட்டை இயங்க வைப்பதே பலருக்குப் பெரிய பாடு. கணினியில் பைதன் இருக்க வேண்டும். அதற்குமேல், ஆவணம் தொகுக்கப்படும்போது வெளி நிரல் ஒன்றை இயக்க லேடெக்குக்கு அனுமதி தர வேண்டும். ‘ஷெல் எஸ்கேப்’ என்பது அந்த அனுமதியின் பெயர். அனுமதி பொதுவானது. பிக்மென்ட்ஸை இயக்கலாம் என்றால் எந்தக் கட்டளையையும் இயக்கலாம். யாரோ அனுப்பிய வார்ப்புருவை அந்த அனுமதியோடு தொகுப்பது, அனுப்பியவரிடம் கணினியைக் கொடுப்பதற்குச் சமம். ஆய்வுகூடக் கணினிகளில் இதை மூடி வைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

2024இல் வந்த மின்டெட்டின் மூன்றாம் பதிப்பு இந்த இடத்தை வெகுவாகச் சீர்செய்திருக்கிறது. ‘லேடெக்மின்டெட்’ என்ற தனி நிரல் ஒன்றே வெளியில் இயங்குகிறது. டெக் லைவ் அதைத் தன் நம்பகமான நிரல்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புதிய டெக் லைவ் வைத்திருப்பவர் முழு அனுமதியைத் திறக்கத் தேவையில்லை. பழைய தொகுப்போடு இருப்பவர்களுக்கு இந்த நன்மை கிடைக்காது. ‘ஃபுரோசன்கேஷ்’ என்றொரு தெரிவும் இருக்கிறது. வீட்டுக் கணினியில் ஒருமுறை தொகுத்தால் நிறம் பிரித்த துண்டுகள் ஒரு கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன. அந்தக் கோப்புறையையும் சேர்த்துக் கொண்டுபோனால், பைதனே இல்லாத கணினியிலும் ஆவணம் தொகுபடும்.

இணையத்திலேயே லேடெக் எழுதித் தொகுக்கும் தளமான ஓவர்லீஃபில் எழுதினால் இந்தத் தொல்லைகள் இல்லை. அங்கே மின்டெட் ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் இலவசக் கணக்கில் தொகுப்பு நேரத்துக்கு வரம்பு உண்டு, நீண்ட பின்னிணைப்பு அதை எட்டிவிடும். இணையத்தை நம்பியிருப்பதன் விலையையும் இந்த நகரம் அறியும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில், மடிக்கணினியின் மின்கலத்தை மட்டும் நம்பி அறிக்கை எழுதியவர்களுக்கு, வெளியே எதையும் கேட்காமல், எந்தப் பழைய கணினியிலும் ஓடும் லிஸ்டிங்ஸ் ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த ஒரு குணத்தை மின்டெட் எந்தப் பதிப்பிலும் எட்டப் போவதில்லை.

அதே மார்ச்சில்தான் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. தாளின் விலை அதன்பிறகு எவருக்கும் மறக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் டியூட் அடித்துக் கொடுக்கும் ஆசிரியருக்கு, ஒரு பக்கத்தில் எத்தனை வரி அடங்கும், போட்டோகொப்பியில் எது தெரியும் என்பவைதான் கேள்விகள். இங்கே நிறம் பயன்படாது என்பதோடு தொல்லையும் தரும். மின்டெட்டை எடுத்தவுடன் கிடைக்கும் தோற்றத்தில் கட்டளைகள் பச்சை, சரங்கள் சிவப்பு. வண்ணத் திரையில் வேறுபட்டுத் தெரியும் இவ்விரண்டும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். பிரதியின் பிரதியில் குறிப்புரை மங்கிப் போகும். பின்னணி நிறம் போட்டிருந்தால் பக்கம் முழுவதும் அழுக்குப் படியும். லிஸ்டிங்ஸ் இந்த விஷயத்தில் பிறவியிலேயே அடக்கமானது: ஒன்றும் சொல்லாவிட்டால் கட்டளைக்குத் தடிப்பு, குறிப்புரைக்குச் சாய்வு, அவ்வளவுதான். மின்டெட்டிலும் ‘பிடபிள்யூ’ என்ற கறுப்பு வெள்ளைத் தோற்றம் இருக்கிறது; ஒரு சொல்லில் மாற்றிக்கொள்ளலாம்.

சாய்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் அச்சில் சாய்வெழுத்து வேர்விட்டதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழில் சாய்வு வடிவமே இல்லை. ஆங்கிலக் குறிப்புரை சாய்ந்து நிற்கும்போது தமிழ்க் குறிப்புரை நிமிர்ந்தே இருக்கும், அல்லது செயற்கையாகச் சாய்க்கப்பட்டு அலங்கோலமாகும். தமிழ்க் குறிப்புரைக்குச் சாய்வை நிறுத்திவிட்டு, கட்டளைச் சொற்களைத் தடிப்பாக்கினால் போதும். தடித்த கட்டளை, சாதாரணத் தடிமனில் தமிழ், இடப்புறத்தில் வரி எண். இந்த மூன்றும் இருந்தால் மூன்றாம் கைப் பிரதியிலும் பிள்ளை வாசிக்கும். வரி எண் அவசியம். “ஏழாம் வரியைப் பாருங்கோ” என்று சேர் சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டுமே.

என் முடிவு இது. நிரலில் தமிழ் ஓரெழுத்துக்கூட இல்லை, மொழி பழகிய மொழி, கணினி பழசு அல்லது பிறருடையது என்றால் லிஸ்டிங்ஸ் போதும். மின்டெட்டை நிறுவுவதில் ஒரு நாளைச் செலவிட வேண்டியதில்லை. தமிழ் குறிப்புரையில் மட்டும் இருந்தால், லிஸ்டிங்ஸையே லுவாலேடெக்கில் ‘டெக்ஸ்சிஎல்’ தெரிவோடு ஓட்டலாம். சரத்திலோ மாறியின் பெயரிலோ கட்டளையிலோ தமிழ் நுழைந்தால் மின்டெட்தான், அதுவும் லுவாலேடெக்கோடு. அங்கே லிஸ்டிங்ஸை இழுத்துப் பிடித்துச் சரிப்படுத்த முயல்வது வீண் உழைப்பு.

உயர்தர வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடமும், அறிக்கைகளை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ் எழுத்துரு, ஃபால்பேக், கறுப்பு வெள்ளைத் தோற்றம், வரி எண் எல்லாம் முன்னரே அமைந்த ஒரு வார்ப்புருவை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒருவர் ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. பிறகு எல்லோரும் பயன்படுத்தலாம். 1942இல் தொடங்கி, வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற ஓரிடத்தில் அதை வைத்து அரைநாள் பயிற்சி நடத்தினால், அடுத்த அறிக்கைப் பருவத்துக்குள் பலருக்குப் போய்ச் சேரும். மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: அச்சில் உடைகிறது என்பதற்காக உங்கள் நிரலிலிருந்து தமிழை அழிக்காதீர்கள். அச்சுக்கோக்கும் கருவியை மாற்றுங்கள்.